நேற்று இனித்த தோடம்பழம் இன்று கசப்பதேன்?

நத்தாருக்கு முதல் நாள் மாலை ஒரு ஜக்கில் சிவப்பு வைனை ஊற்றி, தோடம்பழத்தைத் தோலோடு வட்டம் வட்டமாக வெட்டிப் போட்டு, சீனி கலந்து வைத்தால், அன்றிரவு குடிப்பவர்கள் பாராட்டுவார்கள். மிஞ்சியதை மறுநாள் மதியம் எடுத்துக் குடிப்பவர்கள் முகம் சுளிப்பார்கள். வைன் கெட்டிருக்காது, பழமும் அழுகியிருக்காது. ஆனாலும் அடிநாக்கில் ஒரு கசப்பு ஏறி நிற்கும். எவ்வளவு சீனி போட்டாலும் அது இறங்காது.

இந்தக் கசப்புக்குக் காரணம் லிமொனின் என்ற பொருள். வெட்டாத தோடம்பழத்தின் சதையில் அது கிட்டத்தட்ட இல்லை. தோலின் உட்பக்க வெள்ளைப் பகுதியிலும், சுளைகளைப் பிரிக்கும் சவ்விலும் இருப்பது அதன் தாய்ப்பொருள். அதற்குச் சுவையே கிடையாது. பழத்தை வெட்டியதும் அந்தத் தாய்ப்பொருள் சாற்றின் புளிப்பைச் சந்திக்கிறது. புளிப்பின் அமிலம் அதை மெல்ல மெல்ல லிமொனினாக மாற்றுகிறது. அதற்குச் சில மணித்தியாலங்கள் பிடிக்கும். ஒரு லீற்றரில் சில மில்லிகிராம் லிமொனின் சேர்ந்தாலே நாக்கு கசப்பை உணர்ந்துவிடும். இரவில் இனித்த பானம் மறுநாள் கசப்பது இதனால்தான்.

பழங்களை ஊறவைத்துச் செய்யும் வைன் பஞ்சின் அறிவியல் முழுவதும் இந்தச் சிறு நிகழ்ச்சிக்குள் அடங்கியிருக்கிறது. ஜக்கில் போடும் ஒவ்வொரு பொருளுக்கும் தனக்கென ஒரு கரைப்பான் உண்டு, தனக்கென ஒரு நேரமும் உண்டு. எல்லாவற்றையும் ஒரே வேளையில் வைனுக்குள் கொட்டிவிட்டு, மிச்சத்தை வைன் பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிடுவதுதான் நாம் வழக்கமாகச் செய்யும் பிழை.

இதைப் பேசுவதற்குப் பன்வில பொருத்தமான ஊர். கண்டியிலிருந்து வத்தேகம வழியாக ஏறினால், நக்கிள்ஸ் மலைத்தொடரின் மடியில், தேயிலைத் தோட்டங்களுக்கும் மடுல்கலைக்கும் ஹுலுகங்கைக்கும் அருகே இருக்கிறது இந்த ஊர். நல்ல பஞ்சுக்கு வேண்டிய பொருள்களில் திராட்சையைத் தவிர பெரும்பாலானவை இந்தச் சுற்றுவட்டாரத்தில் விளைகின்றன. கராம்பும் சாதிக்காயும் கண்டி, மாத்தளை வீட்டுத் தோட்டங்களின் மரங்கள். மர நிழலை விரும்பும் ஏலம் நக்கிள்ஸ் மலைகளின் பழைய பயிர். கொய்யா, அன்னாசி, பாஷன் புரூட் என்று நாம் சொல்லும் கொடித்தோடை, தேசிக்காய் எல்லாம் எட்டிப் பறிக்கும் தூரத்தில் இருக்கின்றன. எல்லாவற்றுக்கும் மேலாக, தேயிலை இருக்கிறது. அதன் பங்கைப் பின்னர் பார்ப்போம்.

கடல் வழி வந்த கலவை

பஞ்ச் ஐரோப்பாவில் பிறந்த பானம் என்று எண்ணுகிறவர்கள் பலர். அதன் பெயர் எழுத்தில் முதலில் தென்படுவது 1632ஆம் ஆண்டில், ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியின் கீழைநாட்டு ஊழியர்களுக்கிடையே சென்ற ஒரு கடிதத்தில். ஊரிலிருந்து கப்பலில் வரும் வைனும் பியரும் வெப்ப நாட்டில் கெட்டுப்போயின. எனவே இங்கே கிடைத்த சாராயம், சீனி, தேசிக்காய், சாதிக்காய் ஆகியவற்றைத் தண்ணீரிலோ தேயிலைச் சாயத்திலோ கலந்து குடித்தார்கள். அந்தக் கலவைதான் கப்பலேறி லண்டனுக்குப் போனது.

வைனில் பழம் சேர்க்கும் சங்கிரியா ஸ்பெயினுக்கும் போர்த்துக்கலுக்கும் உரியது. 1964ஆம் ஆண்டு நியூயோர்க் உலகக் கண்காட்சியில், ஸ்பெயின் நாட்டுக் கூடத்தில் பரிமாறப்பட்ட பிறகு அது அமெரிக்கர்களிடம் பரவலானது. 2014ஆம் ஆண்டின் ஐரோப்பிய ஒன்றியச் சட்டப்படி அந்த இரு நாடுகளில் செய்யப்படுவதை மட்டுமே அங்கே சங்கிரியா என்ற பெயரில் விற்கலாம். அதில் மதுசாரம் 4.5 சதவீதத்துக்குக் குறையக்கூடாது, 12 சதவீதத்தை எட்டவும் கூடாது. பெயர் எதுவானாலும் ஜக்குக்குள் நடக்கும் இரசாயனம் ஒன்றுதான்.

கரைவதும் கரையாததும்

ஒரு வைன் போத்தலில் மதுசாரம் ஏறத்தாழ 12 சதவீதம். மீதியில் பெரும்பகுதி தண்ணீர். எதனோல் மூலக்கூறின் ஒரு முனை நீரோடு சேரும், மறுமுனை எண்ணெய்ப் பசையுள்ள பொருள்களோடு சேரும். அதனால்தான் வாசனைத் தைலங்களைக் கரைக்க மதுசாரம் பயன்படுகிறது. ஆனால் அதற்கு 12 சதவீதம் போதாது. கரைக்கும் வலு உள்ளது சாராயம் போன்ற கடும் மதுவுக்குத்தான். வைன் இந்த விஷயத்தில் தண்ணீருக்கு அருகிலேயே நிற்கிறது.

தோடம்பழத் தோலின் மணத்தைப் பாருங்கள். அதன் எண்ணெயில் 90 சதவீதத்துக்கு மேல் இருப்பது லிமொனீன். மேலே சொன்ன கசப்பான லிமொனின் வேறு, இந்த மணமான லிமொனீன் வேறு. ஒரு லீற்றர் நீரில் லிமொனீன் 10 முதல் 15 மில்லிகிராம் அளவுக்குத்தான் கரையும். வைனில் சற்றே கூடும், அவ்வளவுதான். ஆகவே தோலோடு வட்டத் துண்டுகளைப் போட்டு இரவெல்லாம் ஊறவைத்தால், வேண்டிய மணம் தோலிலேயே தங்கிவிடும், வேண்டாத கசப்பு வெளியே வந்துவிடும். முயற்சி முழுவதும் தலைகீழாகப் போகிறது.

இதற்குப் பழைய பஞ்ச் தயாரிப்பாளர்கள் கண்ட வழி அழகானது. தோலின் வெளிப்பகுதியை மட்டும், வெள்ளை ஒட்டாமல் மெல்லிசாகச் சீவி, வெறும் சீனியோடு சேர்த்துக் கசக்கி மூடி வைத்தார்கள். சீனிப் படிகங்களின் கூரிய விளிம்புகள் தோலிலுள்ள எண்ணெய்ப் பைகளைக் கிழிக்கின்றன. அதே வேளை சீனி தோலின் கலங்களிலிருந்து நீரை வெளியே இழுக்கிறது. பாடசாலையில் பிரசாரணம் என்று படித்தது இதுதான். இரண்டு மூன்று மணித்தியாலத்தில் உலர்ந்த சீனி ஈரமாகி, மணக்கும் பாகாகிவிடும். அதற்குள் எண்ணெய் கண்ணுக்குத் தெரியாத நுண்துளிகளாகப் பரவியிருக்கும். இதில் ஒரு துளி மதுகூட இல்லை என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

நம் ஊர்த் தோடம்பழத்தின் தோல் பழுத்த பிறகும் பச்சையாக இருப்பதைக் கண்டு தயங்க வேண்டியதில்லை. தோலின் பச்சையம் மறைவதற்குக் குளிர்ந்த இரவுகள் வேண்டும். பிபிலைத் தோடம்பழம் பச்சைத் தோலோடு இனிப்பது வெப்பநாட்டு இயல்பு. மணத்துக்கும் அந்த நிறத்துக்கும் தொடர்பில்லை.

துண்டின் தடிமன்

பழத்தின் சீனியும் புளிப்பும் நிறமும் நீரில் நன்றாகவே கரையும். அவற்றுக்குத் தடையாக இருப்பது தூரம். பழத் துண்டின் நடுவிலிருக்கும் ஒரு சீனி மூலக்கூறு அங்குமிங்கும் தள்ளாடித்தான் வெளியே வர வேண்டும். இந்தப் பரவலின் விதியை 1855ஆம் ஆண்டில் அடோல்ஃப் ஃபிக் என்ற ஜெர்மன் மருத்துவ விஞ்ஞானி வகுத்தார். அதிலிருந்து வரும் முக்கியமான முடிவு: தூரம் இரு மடங்கானால் நேரம் நான்கு மடங்காகும்.

அசையாத நீரில் சீனி மூலக்கூறு கால் சென்ரிமீற்றர் தூரம் பரவ ஏறத்தாழ ஒன்றே முக்கால் மணித்தியாலம் ஆகும். அரை சென்ரிமீற்றருக்கு ஏழு மணித்தியாலம். ஒரு சென்ரிமீற்றருக்கு ஒரு நாளுக்கும் மேல். பழத்தின் தசைக்குள் இது இன்னும் மெதுவாகும். தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்: டஸ்ட் தேயிலை கொதிநீர் பட்டதும் சாயம் விடும், பெரிய இலைத் தேயிலை பொறுமையாகத்தான் விடும். அன்னாசியையும் கொய்யாவையும் அரை சென்ரிமீற்றர் தடிப்பமான துண்டுகளாக வெட்டினால், அவற்றின் நடுப்பகுதிக்கும் வெளிப்பரப்புக்கும் உள்ள தூரம் கால் சென்ரிமீற்றர்தான். இரண்டு முதல் நான்கு மணித்தியாலம் ஊறினால் போதும். பெரிய துண்டங்களாகப் போட்டு நாள் முழுவதும் காத்திருப்பதால் லாபமில்லை.

எல்லாப் பழத்தையும் ஊறவைக்கவும் கூடாது. பப்பாசியும் வாழைப்பழமும் ஊறிக் கரைந்து பானத்தைக் கலங்கடிக்கும். கொடித்தோடையின் மணம் எளிதில் ஆவியாகும் எஸ்டர்களாலும், மிகச் சிறிய அளவிலேயே மூக்கில் படும் கந்தகச் சேர்மங்களாலும் ஆனது. அவற்றுள் ஒரு கந்தகச் சேர்மம் சோவினியோன் பிளாங்க் என்ற வெள்ளை வைனின் மணத்திலும் இருக்கிறது. வைன் பிரியர்கள் அந்த வைனில் கொடித்தோடை மணப்பதாகச் சொல்வது கற்பனையல்ல, இரண்டிலும் இருப்பது ஒரே மூலக்கூறு. அந்த மணம் நெடுநேரம் தங்காது என்பதால் கொடித்தோடைச் சாற்றைப் பரிமாறுவதற்குச் சற்று முன்னர் சேர்ப்பதே சரி.

கராம்பு ஏன் மற்றவற்றை மூடுகிறது?

வாசனைத் திரவியங்களில் கராம்பை எண்ணித்தான் போட வேண்டும் என்பதைச் சமையலறை அனுபவமே கற்றுத்தருகிறது. காரணம் கரைதிறனில் இருக்கிறது. கராம்பு எண்ணெயின் பெரும்பகுதி யூஜெனோல். அது ஒரு லீற்றர் நீரில் 2 கிராமுக்கு மேல் கரையக்கூடியது. லிமொனீனோடு ஒப்பிட்டால் இது நூறு மடங்குக்கும் அதிகம். ஏலத்தின் சினியோலும் கறுவாவின் சினமால்டிகைட்டும் இதே போல ஓரளவு நன்றாகக் கரைபவை. தோடம்பழத் தோல் மணத்தை விட மறுக்கிறது, கராம்போ விட்டுக்கொண்டே இருக்கிறது. பல்வலிக்குக் கராம்பு வைக்கும்போது ஈறு மரத்துப்போவதும் யூஜெனோலால்தான். ஜக்கில் மிதக்கும் கராம்பை மறுநாள் வரை விட்டால் பானத்தைக் குடிக்கும் நாக்குக்கும் அதுவே நேரும்.

ஆகவே திரவியங்களைப் பானத்தில் மிதக்கவிடாமல், தனியே சீனிப் பாகில் சூடாக்கி வடித்துவிடுவது நல்லது. வெப்பம் ஏறினால் மூலக்கூறுகள் வேகமாகப் பரவும். பத்து நிமிடச் சூடு ஓர் இரவுக் குளிரின் வேலையைச் செய்யும். மூடியைத் திறந்து வைத்தால் வீடு மணக்கும், பாகு மணக்காது. ஆவியோடு போகும் மணத்தை மூடிதான் தடுத்து மீண்டும் பாகில் சேர்க்கிறது.

கறுவாவில் நமக்கு ஒரு பெரிய அதிர்ஷ்டம் உண்டு. உலகச் சந்தையில் பரவலாக விற்கப்படும் காசியா வகைக் கறுவாவில் கூமரின் என்ற பொருள் அதிகம். அது அளவு மீறினால் ஈரலுக்குக் கேடு. இலங்கைக் கறுவாவில் அது மிகச் சொற்பம். இந்தக் கறுவாவுக்கு 2022ஆம் ஆண்டில் ஐரோப்பிய ஒன்றியம் புவிசார் குறியீடு வழங்கியது. இலங்கைப் பொருள் ஒன்றுக்குக் கிடைத்த முதல் அங்கீகாரம் அதுவே. சாதிக்காயை மட்டும் மேலே சிறிதளவு துருவிப் போடுங்கள். அதிலுள்ள மிரிஸ்டிசின் பெருமளவில் உட்கொண்டால் நஞ்சு.

வைனின் வேலையைச் செய்யும் தேயிலை

இதுவரை பார்த்ததில் தோலின் மணத்தைச் சீனி எடுத்துக்கொடுத்தது. திரவியத்தின் மணத்தை வெப்பம் எடுத்துக்கொடுத்தது. பழத்தின் சாற்றைத் தண்ணீரே எடுத்துக்கொடுக்கும். அப்படியானால் வைன் எதற்கு?

சிவப்பு வைன் தருவது மூன்று: புளிப்பு, நிறம், துவர்ப்பு. புளிப்பைத் தேசிக்காய் தரும். மற்ற இரண்டுக்கும் பன்வில மலைச்சரிவுகளில் விடை காடாய் வளர்ந்து நிற்கிறது. வைனின் துவர்ப்பு திராட்சைத் தோலிலும் விதையிலுமிருந்து வரும் தனின்களால் உண்டாகிறது. அவை உமிழ்நீரிலுள்ள புரதங்களோடு ஒட்டிக்கொண்டு, வாயின் வழுவழுப்பைப் போக்கிவிடுகின்றன. தேயிலையிலுள்ள பல்பினோல்கள் செய்வதும் இதே வேலைதான். கடல் மட்டத்திலிருந்து 600 முதல் 1,200 மீற்றர் வரையான உயரத்தில் விளைவதை இடைநிலத் தேயிலை என்கிறோம். கண்டிப் பகுதித் தேயிலை இந்த வகையைச் சேர்ந்தது. கடுஞ்சாயமும் கனத்த சுவையும் அதன் அடையாளம். மென்மையான நுவரெலியாத் தேயிலையைவிட பஞ்சுக்கு இதுவே ஏற்றது.

சூடாகச் சாயம் வடித்து ஆறவைத்தால் ஒரு சிக்கல் வரும். குளிரக் குளிர அது கலங்கிவிடும். கஃபீனும் பல்பினோல்களும் சூட்டில் தனித்தனியே கரைந்திருந்து, குளிர்ந்ததும் ஒன்றோடொன்று பிணைந்து கண்ணுக்குத் தெரியும் துகள்களாவதே காரணம். இது தேயிலையின் குறையல்ல. கொதித்து ஆறிய தண்ணீரில் தேயிலையைப் போட்டு, பிரிட்ஜில் ஆறு முதல் எட்டு மணித்தியாலம் வைத்து வடித்தால், கஃபீனும் துவர்ப்பும் குறைவாக இறங்கும். சாயமும் தெளிவாக இருக்கும்.

தேசிக்காய் பிழிந்ததும் சாயம் வெளிறுவதைத் தினமும் பார்க்கிறோம். தேயிலையின் செந்நிறப் பொருள்கள் அமிலத்தன்மை கூடும்போது வெளிர் நிறம் கொள்கின்றன. வைனின் அந்தோசயனின் நிறப்பொருள் இதற்கு மாறாக, அமிலம் கூடக் கூடச் செக்கச் சிவக்கிறது. நாவல்பழத்திலும் நீலச் சங்குப்பூவிலும் இருப்பது அதே குடும்பத்து நிறப்பொருள்தான். சங்குப்பூ ஊறிய நீல நீரில் தேசிக்காய் விட்டால் ஊதாவாக மாறுவது அதனால்தான். தேயிலைப் பஞ்சுக்குச் சிவப்பு வேண்டுமானால் சில நாவல்பழங்களை நசுக்கிச் சேர்க்கலாம். தேசிப்புளி அந்த நிறத்தைப் பிடித்து வைக்கும்.

துவர்ப்போடு வரும் மெல்லிய கசப்பைத் தணிக்க இன்னொரு பொருள் உண்டு: உப்பு. பஸ் நிலையங்களில் அன்னாசித் துண்டுக்கு உப்பும் மிளகாய்த்தூளும் தூவித் தருவார்கள் அல்லவா? உப்பின் சோடியம் கசப்பு உணர்வை அடக்குகிறது. கசப்பு அடங்கியதும் அதன் கீழே மறைந்திருந்த இனிப்பு மேலெழுகிறது. இதை 1997இல் அமெரிக்க ஆய்வாளர்கள் பரிசோதித்து நேச்சர் இதழில் வெளியிட்டார்கள். ஒரு ஜக்குக்கு ஒரு சிட்டிகை போதும். உப்பின் சுவை தெரியக்கூடாது.

குளிரும் குமிழியும்

சோடாவைக் கடைசியில், நன்றாகக் குளிர்ந்த பிறகு ஊற்ற வேண்டும் என்பதற்கும் காரணம் உண்டு. ஒரு லீற்றர் நீர் சாதாரண அமுக்கத்தில் 0 பாகை செல்சியஸில் ஏறத்தாழ 1.7 லீற்றர் காபனீரொட்சைட்டைக் கரைத்து வைத்திருக்கும். 20 பாகையில் அதில் பாதிதான். வெதுவெதுப்பான பானத்தில் சோடாவை ஊற்றினால் குமிழிகள் எல்லாம் ஜக்கிலேயே வெளியேறிவிடும்.

குளிர் நாக்கையும் மாற்றுகிறது. இனிப்பை உணர்த்தும் நரம்புச் சமிக்ஞையில் பங்குகொள்ளும் ஒரு புரதம் குளிரில் மந்தமாக வேலை செய்யும். அதனால் சூட்டில் திகட்டும் இனிப்பு, குளிரில் அளவாகத் தோன்றும். குளிர்ந்த பிறகே சீனியின் அளவைச் சுவைத்துப் பார்க்க வேண்டும்.

பழத்துக்குள் புகும் மது

பரவல் ஒரு வழிப் பாதையல்ல. பழத்திலிருந்து சாறு வெளியேறும்போது வைனிலிருந்து மதுசாரம் பழத்துக்குள் போகிறது. எதனோல் சிறிய மூலக்கூறு, கலங்களின் மென்சவ்வைச் சுலபமாகக் கடந்துவிடும். 750 மில்லிலீற்றர் வைனில் 12 சதவீதம் என்றால் 90 மில்லிலீற்றர் மதுசாரம். அதில் 300 கிராம் பழத்தைப் போட்டு முழுமையாக ஊறவிட்டால், மொத்த மதுசாரத்தில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு பழத்துக்குள் போய்ச் சேர்ந்துவிடும். ஜக்கின் அடியில் கிடக்கும் பழத்தைப் பிள்ளைகளுக்குக் கரண்டியால் எடுத்துக் கொடுப்பது, அவர்களுக்கு வைன் கொடுப்பதே. இதை ஒவ்வொரு வீட்டிலும் சொல்லிவைக்க வேண்டும்.

இன்னோர் ஆபத்து, நீர்த்துப்போன வைன். 12 சதவீத மதுசாரம் பல நுண்ணுயிர்களைத் தடுத்து வைக்கும். பழச்சாறும் பாகும் சோடாவும் சேர்ந்து 5 சதவீதத்துக்கு இறங்கினால் அந்தக் காவல் தளர்ந்துவிடும். பழத் தோலிலுள்ள மதுவங்கள் சீனியைப் புளிக்கவைக்கத் தொடங்கும். மிஞ்சியதைப் போத்தலில் இறுக்கி மூடினால் வாயு சேர்ந்து போத்தல் வெடிக்கவும் கூடும். பிரிட்ஜில் வைத்து ஒரு நாளுக்குள் முடித்துவிடுவதே பாதுகாப்பு. பழத்தை வீட்டிலேயே நொதிக்கவைத்து வைன் செய்வது வேறு விஷயம். 1912ஆம் ஆண்டின் மதுவரிக் கட்டளைச் சட்டப்படி இலங்கையில் மது உற்பத்திக்கு அனுமதிப்பத்திரம் வேண்டும்.

மலையகத் தோட்டங்களில் மது எத்தனை குடும்பங்களின் சம்பளத்தையும் நிம்மதியையும் தின்றிருக்கிறது என்பதை இங்கே வளர்ந்தவர்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. மதுபானங்கள் புற்றுநோயை உண்டாக்குபவை என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 1988இலேயே வகைப்படுத்தியது. பாதுகாப்பான அளவு என்று எதுவும் இல்லை என உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில் அறிவித்தது. இனிப்பும் பழமும் மதுவின் காரத்தை மறைத்துவிடுவதால், பஞ்ச் குடிப்பவர் எவ்வளவு குடித்தோம் என்று அறியாமலே குடிக்கிறார். அறிவியல் கட்டுரையில் இதைச் சொல்லாமல் விட்டால் பாதி உண்மையை மட்டும் சொன்னதாகும்.

ஒரே ஜக், இரண்டு வழி

இவை எல்லாவற்றையும் சேர்த்தால் செய்முறை தானாகவே உருவாகிறது. முதல் நாள் இரவு ஒரு லீற்றர் கொதித்து ஆறிய நீரில் 10 முதல் 12 கிராம் கண்டித் தேயிலையைப் போட்டு பிரிட்ஜில் வையுங்கள். காலையில் வடித்துவிடுங்கள். நன்கு கழுவிய நான்கு தோடம்பழங்களின் மேல்தோலைச் சீவி, 100 கிராம் சீனியோடு கசக்கி மூடிவையுங்கள். ஒரு துண்டு கறுவா, நான்கு கராம்பு, மூன்று ஏலக்காய் ஆகியவற்றை 50 கிராம் சீனியும் 100 மில்லிலீற்றர் நீரும் சேர்த்து, மூடிய பாத்திரத்தில் சிறு தீயில் பத்து நிமிடம் வைத்து வடித்து ஆறவிடுங்கள். தோல் சீவிய தோடம்பழங்களைப் பிழிந்து, சாற்றை விதையும் சவ்வும் இல்லாமல் வடித்து எடுங்கள். இரண்டு தேசிக்காயின் புளி, மெல்லிதாக வெட்டிய அன்னாசியும் கொய்யாவும் 300 கிராம், ஒரு சிட்டிகை உப்பு சேர்த்து எல்லாவற்றையும் தேயிலைச் சாயத்தில் கலந்து, மூன்று மணித்தியாலம் பிரிட்ஜில் வையுங்கள். பரிமாறும் வேளையில் கொடித்தோடைச் சாறும், குளிர்ந்த சோடா அரை லீற்றரும் சேர்த்து, மேலே சாதிக்காயைத் துருவுங்கள். விதையும் சவ்வும் நீக்கிய தோடம்பழச் சாறு மூன்று மணித்தியாலமே ஊறுவதால் லிமொனின் பெரிதாகத் தலைகாட்டாது.

இந்த ஜக்கில் மது இல்லை. வைன் விரும்பும் பெரியவர் தம் கோப்பையில் 150 மில்லிலீற்றர் பஞ்சோடு 100 மில்லிலீற்றர் வைனைச் சேர்த்துக்கொள்ளலாம். அந்தக் கோப்பையில் மதுசாரம் ஏறத்தாழ 5 சதவீதம், சரியாக எவ்வளவு குடித்தோம் என்ற கணக்கும் அவர் கையில் இருக்கும். பழங்கள் வைனில் ஊறாததால் பிள்ளைகளும் எடுத்துச் சாப்பிடலாம். மணமோ சுவையோ இதனால் குறையாது. தோலைச் சீனியும், திரவியத்தைச் சூடும், பழத்தைத் தேயிலைச் சாயமும் ஏற்கெனவே கரைத்துக் கொடுத்துவிட்டன. வைன் அங்கே தன் சொந்தச் சுவையை மட்டுமே சேர்க்கிறது. அது வேண்டுமா வேண்டாமா என்பதை ஜக் தீர்மானிக்க வேண்டியதில்லை, குடிப்பவர் தீர்மானித்துக்கொள்ளலாம்.